இருபத்துமூன்றாவது சீட்டு

விமான நிலையத்தை விட்டு வண்டி வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னைக் கூட்டிப்போக வந்த யோகன் கேட்டார்: “அக்கா, தண்ணிக்க அமத்திச் சாக்காட்டின ஆக்களின்ர கதையளை முன்னுக்கு வச்சிருக்கிறியளோ, கடைசியிலயோ?”

“நடுவில,” என்றேன்.

“நல்லது. கடைசியில வச்சா, வாசிச்சு முடிய ஒருத்தரும் சூப் குடியாயினம்.”

சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதம், கனடாவின் மொன்றியல் நகரம். கண்ணாடிக்கு வெளியே வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

நான் சென்னையில் மொழிபெயர்ப்பை நம்பி வாழ்கிறவள். மருந்துத் துண்டுத்தாள், கோர்ட்டுக் காகிதம், வாஷிங் மெஷின் கையேடு என்று எது வந்தாலும் செய்வேன். போன மழைக்காலத்தில் மொன்றியலிலிருந்து ஒரு சிறிய கிறிஸ்தவச் சபை இருபத்துமூன்று வாழ்க்கைக் குறிப்புகளை அனுப்பியது. எல்லாம் ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பா. அனபாப்டிஸ்டுகள் என்று பெயர். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த பிறகு தானே கேட்டுப் பெறுவதுதான் செல்லும் என்றவர்கள். வாள் எடுக்க மாட்டோம், சத்தியம் செய்ய மாட்டோம் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்த கத்தோலிக்க அரசர்களும் சீர்திருத்த சபை அதிகாரிகளும் இவர்களைக் கொல்வதில் மட்டும் ஒத்துப்போனார்கள். முதல் தலைமுறை ஊழியர்கள் தெற்கு ஜெர்மனியில் ஒரு நகரத்தில் கூடிப் பேசி, திசைக்கு இருவர் மூவராகப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் பிடிபட்டுச் செத்தார்கள்.

அவர்களுடைய கதைகளைச் சபை வருடத்தில் ஒரு நாள் வாசிக்கிறது. தமிழ் ஆட்களும் வரத் தொடங்கியதால் இந்த வருடம் தமிழிலும் வேண்டுமாம். மொழிபெயர்த்தவரே வந்து வாசிப்பதுதான் அவர்கள் வழக்கம் என்றார்கள். சரியென்று கிளம்பி வந்துவிட்டேன்.

யோகன் வீடு பார்க்-எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், இரண்டாம் மாடி. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைந்து ஏறுகிறது. படியெல்லாம் பனிக்கட்டி. இந்தக் குளிரூரில் படியை வெளியே கட்டச் சொன்ன மகராசன் யாரோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். யோகனின் மனைவி சுகந்தி புட்டும் சொதியும் வைத்திருந்தாள். பகலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் பிரெஞ்சில் பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்து, என்னிடம் வட்டியும் முதலுமாகத் தமிழ் பேசினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு சத்தம் கிளம்பியது. இரண்டு சுருதியில் மாறி மாறி ஊளையிடும் சங்கு. யோகனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

“ஸ்னோ அள்ள வாறாங்கள்,” என்றாள் சுகந்தி. “காரை எடுங்கோ.”

அவர் அசையவில்லை. கண் மட்டும் கதவில் இருந்தது.

“கலியாணம் கட்டின நாளில இருந்து இந்தச் சத்தத்துக்கு இவர் இப்பிடித்தான், அக்கா.” அவளே எழுந்து சாவியைத் தேடினாள்.

நாங்கள் இறங்குவதற்குள் காரைக் காணோம். பனி அள்ளும்போது வழியில் நிற்கும் வண்டியை இழுத்துப் பக்கத்துத் தெரு எதிலாவது விட்டுவிடுவார்களாம். எங்கே விட்டோம் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்று பேரும் தெருத் தெருவாகத் தேடினோம். இருபுறமும் வண்டிகள் பனி மூடி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியது போல வரிசையாக இருந்தன. யோகன் ஒவ்வொன்றாகக் குனிந்து கையால் துடைத்து நம்பர் பார்த்தார். மண்வெட்டியோடு நின்ற ஒருவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சுகந்தி மொழிபெயர்த்தாள்: “சாம்பல் நிறக் காரோ? அந்த மூலையில புதைச்சிருக்கினமாம்.”

மறுநாள் சபைக்கூடத்துக்குப் போனோம். பழைய தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குளோதீன் கதவைத் திறந்தார். அறுபது வயதுக்காரர், நகரப் பேருந்து ஓட்டுநர். சபையை நடத்துவதும் அவர்தான். அவர் வைத்த மஞ்சள் பட்டாணிச் சூப் நம் ஊர்ப் பருப்புக் கடைசலில் உப்பும் மிளகாயும் மறந்துபோனது போல இருந்தது. அந்தக் குளிருக்கு இரண்டு கிண்ணம் குடித்தேன்.

வாசிப்பு எப்படி நடக்கும் என்று குளோதீன் ஆங்கிலத்தில் விளக்கினார். இருபத்துமூன்று நாற்காலி, இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெயர் எழுதிய சீட்டு. அந்த ஆள் செத்த இடத்தை நான் வாசித்ததும், சீட்டு வைத்திருப்பவர் எழுந்து பக்கத்துக் கதவு வழியாக உள்கூடத்துக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது.

“கோட்டை மட்டும் நாற்காலியிலேயே விட்டுப் போவோம்,” என்றார். “முதல் வருடம் மாட்ட இடமில்லாமல்தான் அப்படி விட்டோம். முடிந்ததும் திரும்பிப் பார்த்தோம். அதற்குப் பிறகு மாற்றவில்லை.”

ஒத்திகைக்கு ஒரு குறிப்பை வாசிக்கச் சொன்னார். எரிக்கக் கொண்டுபோகும் வழியில் ஜனங்களிடம் பேசிவிடுவார் என்று பயந்து, ஒருவருடைய நாக்கை இரும்புத் திருகு வைத்துப் பூட்டிய கதை. சென்னையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தபோது அது வெறும் வாக்கியம். ‘பூட்டு’ சரியா, ‘முடுக்கு’ சரியா என்றுதான் யோசித்தேன். ஆளில்லாத அந்தக் கூடத்தில் உரக்க வாசித்தபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்த பிறகும் இரும்பு ருசி போகவில்லை.

இருபத்துமூன்றாவது சீட்டில் பெயர் கிடையாது. ஆஸ்திரியாவின் தீரோல் மலைப் பக்கம் இரண்டு பேர் போனார்கள். ஒருவருடைய விசாரணை பதிவில் இருக்கிறது. மற்றவரைப் பற்றி “அவருடைய துணை” என்பதோடு சரி. எங்கே செத்தார், செத்தாரா என்பதே தெரியாது. அதனால் அந்தச் சீட்டை வைத்திருப்பவருக்கு எழுந்து போகும் தருணம் வராது. கடைசி வரை தனியாக உட்கார்ந்திருப்பார். சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

“யோகன் ஒவ்வொரு வருடமும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்,” என்றார் குளோதீன். “ஏன் என்று நான் கேட்டதில்லை.”

புறப்படும் முன் தமிழில் ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். ‘ஆயுதம் எடுக்க மறுத்தவர்களின் கதைகள், ஞாயிறு பிற்பகல், அனைவரும் வரலாம்’ என்று எழுதினேன். யோகன் அதைத் தமிழ்க் கடைகளில் ஒட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை என்னை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனார். குளிருக்காக நாலா பக்கமும் அடைத்திருந்தார்கள். உள்ளே ஆப்பிளும் கிழங்கும் ஈர மரப்பெட்டியும் கலந்த வாசனை. வந்த பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் பிரெஞ்சில், “இது குளிரே இல்லை, நாளைக்குத்தான் குளிர்” என்று சொன்னதாக யோகன் சொல்லியிருந்தார். நான் இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தேன்.

காய்கறிக்கடை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, எந்த முகாந்திரமும் இல்லாமல் அவர் ஆரம்பித்தார்.

“எனக்கு அப்ப பதினேழு வயசு, அக்கா. வன்னியில எங்கட ஊருக்கு ஒருத்தர் சைக்கிளில வாறவர். தேவராசா எண்டு பேர். சனம் சைக்கிள் பாஸ்டர் எண்டுதான் சொல்லுறது. கரியரில ஒரு தாடிக்காரப் பெடியன் இருப்பான். வீடு வீடாப் போய் ஜெபம் பண்ணுவார். நாங்கள் சைவம், எண்டாலும் எங்கட வீட்டையும் வந்து தேத்தண்ணி குடிப்பார். வெளிக்கிடேக்க ஒண்டுதான் சொல்லுவார். பிள்ளையளைத் துவக்கு எடுக்க விடாதேங்கோ எண்டு.”

“அவ்வளவுதானா?”

“அந்த நேரம் ஒருத்தரைக் கொல்லுறதுக்கு அது காணும்.”

ஒரு நாள் பின்னேரம் ஊர்ச் சந்தியில் துப்பாக்கியோடு இரண்டு பேர் யோகனை நிறுத்தினார்கள். இன்றைக்குப் பாஸ்டர் எந்த வீட்டில் தங்குகிறார் என்று கேட்டார்கள்.

“நான் வாய் திறக்கேல்லை. கையை இப்பிடி…” என்று யோகன் கையை நீட்டிக் காட்டினார்.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, விரல் நீட்டிய திசையிலிருந்த, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கட்டை எடுத்துப் பையில் போட்டு எங்கள் முன் வைத்துவிட்டார். யோகன் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எடுத்துக்கொண்டேன்.

“பேந்து அவரை ஒருத்தரும் காணேல்லை. பயத்திலதான் காட்டினன் எண்டு கன வருசம் எனக்கு நானே சொன்னனான். பயம் இருந்ததுதான். ஆனா அது மட்டும் இல்லை. அவை என்னை ஒரு பெரிய மனுசன் மாதிரி மதிச்சுக் கேட்டவை. அது எனக்குப் பிடிச்சிருந்தது, அக்கா.”

இந்தச் சபைக்கு வந்த கதையையும் சொன்னார். துறைமுகக் கிடங்கில் அவருக்கு வேலை. காலையில் அவர் ஏறும் பஸ்ஸை ஓட்டியவர் குளோதீன். ஒரு நாள் வாசிப்புக்கு வரச் சொன்னாராம். “போய்ப் பாத்தா, செத்த ஆக்களைக் கதிரையில இருத்தி வச்சிருக்கினம். எனக்கு அங்க ஒரு இடம் இருக்கு எண்டு தெரிஞ்சுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு நான் அந்தப் பேரைச் சொல்லப் போறன். சுகந்திக்கும் தெரியாது,” என்றார்.

“முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க, யோகன்.”

“பாப்பம்.”

ஞாயிறு காலை சுகந்தி லீக்ஸ் போட்டுப் பருப்புக் கறி வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு வாசிப்பு தொடங்கியது. இருபத்துமூன்று நாற்காலியும் நிரம்பின. அதற்குப் பின்னால் சும்மா கேட்க வந்த ஏழெட்டுப் பேர். அதில் ஒரு தமிழர், அறுபதைத் தாண்டியவர், பழுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு அறிவிப்புத் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். கடையிலிருந்து கிழித்துக்கொண்டே வந்துவிட்டார் போலிருக்கிறது.

குளோதீன் பிரெஞ்சில் வாசித்தார். தொடர்ந்து நான் தமிழில். சூரிக் நகரத்தில் கைகளை முழங்காலோடு சேர்த்துக் கட்டி ஆற்றில் அமிழ்த்தப்பட்ட இளைஞர். மறுபடி முழுக்குக் கேட்டவனுக்கு முழுக்கே தண்டனை என்று எழுதிவைத்த நீதிபதிகளின் கிண்டல். ஒரு மாணவன் எழுந்து போனான். வியன்னாவில் ஒருவரை எரித்தார்கள், மூன்றாம் நாள் அவர் மனைவியைக் கழுத்தில் கல் கட்டி டான்யூபில் போட்டார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். காட்டில் இரவு ஜெபம் நடத்தியவர், குகையில் ஒளிந்திருந்தவர், குதிரையில் ஆள் தேடி வந்த சிப்பாய்களிடம் அகப்பட்டவர். ஆறாவது சீட்டு, ஒன்பதாவது சீட்டு. சுகந்தியுடையது பதினாலு. தன் ஆள் செத்த ஊரைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆள் குறையக் குறைய என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரத் தொடங்கியது. நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள் முந்தின சொல் எனக்கே கேட்டது. நாற்காலிகளில் கோட்டுகள் தோள் வடிவம் கலையாமல் உட்கார்ந்திருந்தன. சிலவற்றில் தலைக்குல்லா நிமிர்ந்து நின்றது. பதினெட்டாவது கதையின் நடுவில் ஒரு கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்க ஆளில்லை. அது அடித்து ஓயும் வரை குளோதீன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு தொடரச் சொன்னார்.

கடைசியில் யோகன் மட்டும் இருந்தார். இருபத்துமூன்றாவது குறிப்பு இரண்டே வரி. வாசித்து முடித்தேன்.

அமைதியாக இருந்துவிட்டு விளக்கணைக்க வேண்டிய நேரத்தில் யோகன் எழுந்தார். உள்கூடத்துக் கதவு திறந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் பேசினார்.

“இவர்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு ஒரு பேர் தெரியும். தேவராசா. சைக்கிளில வந்தவர். துவக்கு எடுக்காதேங்கோ எண்டு சொன்னவர். அவர் தங்கியிருந்த வீட்டைக் காட்டிக் குடுத்தது நான். அவர் செத்த இடம் எனக்குத் தெரியாது.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி கீழே விழுந்தது. அந்தப் பழுப்புக் கோட்டுக்காரர் எழுந்து உள்கூடத்துப் பக்கம் போகாமல் நேராக வாசல் படியேறி வெளியே போய்விட்டார். வெறும் சட்டையோடு. வெளியே மைனஸ் இருபது இருக்கும்.

குளோதீன்தான் முதலில் விழித்துக்கொண்டார். “அந்த மனிதர் செத்துவிடுவார். ஓடுங்கள்!”

யோகன் பழுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் என் கோட்டை ஓடிக்கொண்டே மாட்டினேன். தெருவில் ஈ காக்கை இல்லை. காலடித் தடம் மட்டும் புதுப்பனியில் மெட்ரோ நிலையம் வரை நேர்கோடாகப் போயிருந்தது. அங்கே நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் நின்றார். உள்ளேயிருந்து அடிக்கும் காற்றில் அந்தக் கதவுகள் வாலிபர்களுக்கே சுலபத்தில் திறக்காது. உதடு நீலம் பாரித்திருந்தது. தள்ளுவதை நிறுத்தவே இல்லை.

“அண்ணை, உங்கட கோட்டு,” என்றார் யோகன்.

அவர் திரும்பினார். “நீ ஆரின்ர மகன்?”

“சந்திக்கடைச் சின்னத்துரையின்ர.”

“அண்டைக்குக் கடையடியில நிண்ட பெடியன்.”

“ஓம்.”

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். “கரியரில இருந்தது நான்,” என்றார்.

யோகன் கோட்டை விரித்துப் பிடித்தார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் ஒரு கையை நுழைத்தார். மறு கை மரத்துப்போய் மேலே எழவில்லை. யோகன் அதைப் பிடித்துக் குழந்தைக்குப் போடுவது போல நுழைத்துவிட்டார்.

நவம் என்பது அவர் பெயர். இருபது வருடமாக அதே பகுதியில், ஏழு தெரு தள்ளி இருந்திருக்கிறார். ஒரே கடையில் இருவரும் அரிசி வாங்கியிருக்கிறார்கள். எங்களோடு வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே சுகந்தியும் வந்து சேர்ந்தாள். யோகன் பேசியது உள்கூடத்தில் அவளுக்கும் கேட்டிருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தை நவத்தின் முன் வைத்து, கையை அதில் வைக்கச் சொன்னாள்.

“பாஸ்டர்தான் பின்வேலியால என்னைத் தள்ளிவிட்டவர்,” என்று நவம் சொன்னார். “ஒருத்தன் தப்பினாத்தான் சொல்லலாம், ஓடு எண்டவர். நான் நாணலுக்க படுத்திருந்தனான். குளக்கட்டால கொண்டு போனவங்கள். பாடிக்கொண்டு போனவர். ரெண்டாவது மருதமரத்தடியில பாட்டு நிண்டுது. நான் தப்பினன். ஆனா ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“அவர்ர மனுசி?” என்றாள் சுகந்தி.

“பவளம் அக்கா. ஊரிலதான் இருக்கிறா. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் அண்டைக்கு, போன் எடுக்கிறனான். அவ ஹலோ எண்டவுடன எனக்கு வாய் வராது. வச்சிடுவன்.” அவர் நீரிலிருந்து கையை எடுத்தார். “போன வருசம் ஊரால வந்த ஒருத்தர் சொன்னார். அவ எல்லாருக்கும் சொல்லுறாவாம், மனுசன் உயிரோட இருக்கிறார், நத்தாருக்கு எடுக்கிறவர், கதைக்கத்தான் விடுறாங்கள் இல்லை எண்டு.”

யோகன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உன்னை மன்னிக்கிறன் எண்டு என்னட்ட எதிர்பாராத,” என்றார் நவம். “என்னையே மன்னிக்க என்னால ஏலாம இருக்கு.”

சுகந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை. “அங்க விடிஞ்சிட்டுது,” என்றாள். “நம்பரைச் சொல்லுங்கோ.”

போனை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். சேவல் கூவியது. யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

“ஹலோ?” வயதான பெண் குரல்.

நவத்தின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் தண்ணீர் நின்றது. “நீங்கள்தானே?” என்றது குரல், மெதுவாக.

யோகன் முழங்காலில் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, நான் அவர் இல்லை. என்ர பேர் யோகன். சின்னத்துரையின்ர மகன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தனான். பக்கத்தில நவம் அண்ணையும் இருக்கிறார்.”

வைத்துவிட்டார் என்றே நினைத்தோம். பிறகு, “பொறுங்கோ. அடுப்பை அணைச்சுப்போட்டு வாறன்.”

செருப்புச் சத்தம் தூரமாகப் போய்த் திரும்பி வந்தது. கதிரை இழுபட்டது. “சொல்லுங்கோ. இருந்திட்டன்.”

யோகன் சொன்னார். சந்தி, அந்த இரண்டு பேர், நீட்டிய கை, தனக்கு அது பிடித்திருந்தது என்பது வரை, எதையும் குறைக்கவில்லை. அதன் பிறகு நவத்துக்கும் வாய் வந்தது. நாணல், பாட்டு, மருதமரம்.

முடிந்ததும் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “ரெண்டாவது மரம் எண்டா, கோயில் பக்கமிருந்து எண்ணியோ, வயல் பக்கமிருந்தோ?”

“வயல் பக்கம், அக்கா.”

“அந்த வழியாலதானே நான் ஒவ்வொரு நாளும் மாடு கொண்டு போறனான்.”

அவர் மூச்சு மட்டும் மேசை மேல் வந்துபோய்க்கொண்டிருந்தது. நவம் முகத்தைப் பொத்திக்கொண்டார். யோகன் பொத்தவில்லை. என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறவர் போல நிமிர்ந்தே இருந்தார்.

“இண்டைக்கு நான் அங்க போக வேணும். இனிக் கதைக்க ஏலாது,” என்றார் அந்த அம்மா. “நாளைக்கும் எடுங்கோ. ரெண்டு பேரும் எடுங்கோ. எடுத்தா, கதைக்க வேணும்.”